நைனா பக்கத்து ரத்தம்

தோத்தாபுரி மாங்காயை வாங்க ஆளில்லாமல், சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்காக வரிசை கட்டி நின்றனவே, அந்தச் சீசன். காயெல்லாம் வண்டியிலேயே பழுத்து ஒழுகியது. நாற்பது சீசன் அந்த ஆலைகளில் மாங்காய் அடுக்கிப் பழுக்கப் போட்டவன் நான். ரோடு முழுக்க மாம்பழம் அழுகி நாறியதை அந்த வருஷம்தான் பார்த்தேன். அந்த வாரத்தில்தான் திருப்பதியில் என் மகளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதென்று நாள் குறித்தார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள். பொம்பளை சமாச்சாரமாச்சே, எழுதலாமா என்று கேட்டேன்.

"நீ சொல்லு நைனா. வெக்கப்பட்டுக்கினு இருந்துதான் இவ்ளோ வருசம் போச்சு" என்றாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. திருப்பதியில் ஒரு புடவைக் கடையில் வேலை, நாள் முழுக்க நின்றுகொண்டே. மாப்பிள்ளை திருவள்ளூர்ப் பையன். விடியும் முன்னே ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கட்டில் விரிப்புக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் இருக்கும். பேத்திக்காகப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். அது என் மகளுக்கு. மாதாமாதம் எட்டு நாள், ஒன்பது நாள். இரண்டு பேடு சேர்த்து வைத்து, மேலே துணியும் கட்டி, அப்படியும் கடையில் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வாளாம். இதெல்லாம் என் பெண்சாதிக்குத் தெரியும். எனக்குச் சொன்னவர் யாருமில்லை. பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றினார்கள், அது மட்டும் தெரியும்.

அவள் பார்த்துவந்த ஆஸ்பத்திரி சின்னதுதான். எந்த மாத்திரைக்கும் நிற்கவில்லை, ஒரு குழந்தை இருக்கிறதே, எடுத்துவிடலாம் என்றார்கள். மாப்பிள்ளையும் சரி என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண்டாட்டி வெளுத்துக்கொண்டே போவதைக் கண்ணால் பார்ப்பவர் அவர். ஆனால் என் மகள் எனக்குப் போன் செய்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கல்யாணத்தன்றுகூட அழாதவள்.

"பாப்பா ஒண்டியாப் பூடும் நைனா. இன்னோண்ணு பெத்துக்கணும்னு எனக்கு ஆசையா இருக்குது."

மாங்காய் பழுத்ததா இல்லையா என்று கேட்டால் முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவேன். "ஜெபம் பண்றேன்மா" என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், நானும் என் பெண்சாதியும் சித்தூரில் பஸ் ஏறினோம். அவள் ஒரு டப்பாவில் முருங்கைக்கீரை வதக்கி எடுத்துக்கொண்டாள், ரத்தம் ஊறுமாம். பாதி வழி, பாகாலை வரைக்கும் டப்பாவை மடியிலிருந்து இறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மகளைப் படுக்கவைத்ததும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கேள்வி கேட்க வந்தார். வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள், "ஆம்பளைங்கெல்லாம் வெளிய போங்க" என்றாள். நானும் மாப்பிள்ளையும் வெளியே வந்து, செருப்பு விடுகிற இடத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். இது எப்போதும் இப்படித்தான். பெண்களின் வியாதியை உள்ளே பேசுவார்கள், அப்பன் செருப்புக்குக் காவல் இருப்பான்.

உள்ளே நடந்ததைப் பிற்பாடுதான் கேட்டேன். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். என் பெண்சாதி தன் அம்மா, அக்கா, தங்கை, சின்னம்மா என்று எல்லாரையும் யோசித்துப் பார்த்துவிட்டு, "யாருக்கும் இல்லீங்கம்மா" என்று சொல்லியிருக்கிறாள்.

வெளியே மாப்பிள்ளை முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவரைச் சிரிக்கவைக்க என் பல் கதையை எடுத்தேன். ஐம்பது தடவையாவது கேட்டிருப்பார், இருந்தாலும் சிரிப்பார். சித்தூரில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். அது வெள்ளிக்கிழமை. ரத்தம் நின்றபாடில்லை. துண்டு நனைந்தது, தலையணை நனைந்தது. ஞாயிற்றுக்கிழமை கன்னம் நிறையப் பஞ்சை அடைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போய்த் திருவிருந்து அப்பம் வாங்க முழங்கால் போட்டேன். சர்ச் ஐயர் என் வாயோரத்துச் சிவப்பைப் பார்த்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து, அப்பத்தைக் கொடுக்காமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார்!

"நானு ஆ... ஆ...ன்றேன். அவுரு கண்ண மூடிக்கினு போறாரு மாப்ள!"

மாப்பிள்ளை சிரித்தார். ஊசித் தட்டோடு வந்த ஒரு வயதான நர்சும் நின்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டடி போனவள் திரும்பி வந்தாள்.

"எத்தினி நாள் தாத்தா?"

"மூணு நாளும்மா. எங்க வூட்ல எல்லாருக்கும் ரத்தம் ஜாஸ்தி."

"டாக்டரம்மாகி செப்பாவா? இத சொன்னியா?"

"என் பல்லுக்கும் இதுக்கும் இன்னாம்மா?"

அவள் வேகமாக உள்ளே போனாள். டாக்டரம்மாவே வெளியே வந்துவிட்டார். எனக்கு எதிரில், செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, மறுபடி சொல்லச் சொன்னார். அன்றைக்குத்தான் யாரும் சிரிக்காமல் அந்தக் கதையைச் சொன்னேன். வேறு யாருக்கு என்று கேட்டார். என் பெரியண்ணனுக்கு வெயில் வந்தால் மூக்கில் ரத்தம் கொட்டும், உஷ்ணம் என்போம். அப்புறம் என் அக்கா. மாதம் பாதி நாள் சாக்கைப் போட்டுக்கொண்டு மூலையில் படுத்திருப்பாள். பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள், ரத்தம் நிற்கவேயில்லை. நாங்கள் நல்ல ரத்தக்காரர்கள், நிறைய இருப்பதால் வழிகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

"நாளைக்கு ஆபரேஷன் வேணாம். முதல்ல வேலூர் போய் ரத்தத்த டெஸ்ட் பண்ணுங்க" என்றார் டாக்டரம்மா.

வேலூரில் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக, மகளுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் அதிகமெல்லாம் இல்லை. அதை உறையவைக்கிற சரக்கு ஒன்று எங்களுக்குப் பிறவியிலேயே குறைச்சலாம். ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும், அப்பனிடமிருந்தும் மகளுக்கு வருமாம். பெண்களிடம் அதற்கு மாதாமாதம் வேலை இருப்பதால் அவர்களைத்தான் போட்டுப் படுத்துகிறது. இது தெரியாமல் கத்தி வைத்திருந்தால் ரத்தத்தை நிறுத்தப் பெரும்பாடாகியிருக்கும் என்றார் வேலூர் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். மகள் என் தோளை இடித்தாள்.

"இன்னா நைனா, ஊமையாயிட்ட?"

"என்னாலதானம்மா உனக்கு..."

"மூக்கு உன்துதான்றாங்க, பிடிவாதம் உன்துதான்றாங்க. இதுவும் உன்துதான், எட்த்துக்கினேன் போ."

முன் சீட்டிலிருந்த என் பெண்சாதி திரும்பினாள். "பொம்பள சீக்குக்கு இந்தாளு பல்ல யாரு நெனச்சா? போற வர்ற எடத்துல எல்லாம் அதச் சொல்றாருன்னு நானே திட்டினு இருந்தேன்" என்றவள், வேலூருக்கும் கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து எனக்கும் கீரை கொடுத்தாள். "நீயும் துன்னு. உனக்கும்தான் கம்மியாம்."

கர்ப்பப்பை இருந்த இடத்தில் இருக்கிறது. அந்த நாட்களில் மட்டும் போட்டுக்கொள்ள, உறைந்த ரத்தம் கரையாமல் பிடித்துவைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை பல மாதம். வலிக்கென்று மெடிக்கலில் அவளாக வாங்கி விழுங்கிய மாத்திரை ரத்தத்தை இன்னும் இளக்குமாம், அதை நிறுத்தச் சொன்னார்கள். குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே வாருங்கள், ஏற்பாட்டோடு பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கலாம், பயமில்லை என்றார்கள். ஒரேயடியாக நிற்கவில்லை. ஆனால் ஐந்தாறு நாளில் முடிகிறது, கடையில் நிற்க முடிகிறது. இன்னொரு குழந்தை எப்போது என்பது அவர்கள் இரண்டு பேர் பாடு. வேண்டாம் என்று இனி வேறு யாரும் முடிவு செய்ய முடியாது.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில், சர்ச்சில், வேலை செய்யும் இடத்தில் இப்படி மாதாமாதம் வெளுத்துப் போகிற பெண் ஒருத்தி இருப்பாள். டாக்டரிடம் போகும்போது அப்பனையும் உள்ளே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வெளியே போ என்றாலும் போகாதே என்று அந்த அப்பனிடம் சொல்லுங்கள்.