ஜமுனா அக்காவும் பன்னிரண்டு துப்பாக்கிகளும்

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் சுற்றறிக்கை நோட்டு வகுப்புக்கு வந்தது. எப்போதும் ஜமுனா அக்காதான் அதைக் கொண்டுவருவார். அன்று தோட்டக்கார அண்ணன் கொண்டுவந்தார். தமிழ் மிஸ் வாங்கிப் படித்தார், மறுபடியும் படித்தார், பிறகு எங்களுக்கு வாசித்தார். நம் பள்ளியின் அலுவலக உதவியாளர் ஜமுனா ஞாயிறு காலை வேலூரில் மருத்துவமனையில் காலமானார் என்றும், மதியத்துக்கு மேல் பள்ளி இயங்காது என்றும் அதில் இருந்தது. மிஸ் கையெழுத்துப் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் அடுத்த வகுப்புக்குப் போனார்.

நம் பள்ளியில் படிக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு அவர் மணி அடிப்பவர், தாமதமாக வந்தால் கேட்டில் பெயர் எழுதுபவர். தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.) இருந்த எங்களுக்கு அவர் சாவி வைத்திருப்பவர். ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள அறையில் பன்னிரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன. மரக்கட்டையும் நீண்ட குழலுமாக, அந்தக் காலத்துச் சிப்பாய்கள் தோளில் சாய்த்துப் போனவை போன்றவை. சுடும் ஊசியை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சுடும் என்று எண்ணியே தொட வேண்டும் என்பது விதி. சனிக்கிழமைகளில் அக்கா அறையைத் திறந்துவிட்டு வாசலில் முக்காலி போட்டு உட்காருவார். துப்பாக்கியைத் தொட அவருக்கு அனுமதியில்லை, எண்ணலாம். "மூடறதுக்கு முன்னாடி எண்ணணும். மூடிட்டு எண்ணிகினு இருந்தா பேஜாரு" என்பார்.

ஒருமுறை எங்கள் படையில் இருந்த பிரேமா, குழல் துடைக்கும் துணி தீர்ந்துவிட்டதென்று வீட்டுத் தறியிலிருந்து பட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்தாள். கயிற்றில் கோத்துக் குழலுக்குள் இழுத்தால் பட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. எண்ணெயும் அதில் ஊறவில்லை. முக்காலியிலிருந்து அக்கா சிரித்தார். "பட்டு போட்டுத் துப்பாக்கி தொடைக்கிற ஊரு ஒலகத்துலயே ஆரணி ஒண்ணுதான்டி. அது கல்யாணத்துக்குத்தான் லாயக்கு. போய் பழைய பனியன் எடுத்துகினு வாங்க." அதற்குப் பிறகு பிரேமாவுக்குப் பெயரே 'கல்யாணப்பொண்ணு' என்றாகிவிட்டது.

சுத்தம் செய்யும் முறை எளிது. இருவருக்கு ஒரு துப்பாக்கி, ஒரு பாய். போல்ட் என்கிற இரும்புத் தண்டைப் பின்னுக்கு இழுத்து, அதன் தலையை மேலே திருப்பி, வெளியே எடுக்க வேண்டும். குழலுக்கு முதலில் உலர்ந்த துணி, பிறகு எண்ணெய்த் துணி. திரும்பக் கோக்கும்போது போல்ட்டின் தலையைக் கடைசிவரை திருகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போகாது. போல்ட்டின் கைப்பிடியில் ஓர் எண் உண்டு. துப்பாக்கியின் உடம்பிலும் அதே எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கையேட்டில் படித்திருந்தேன். சுடாத துப்பாக்கிக்கு அது எதற்கு என்றும் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு, நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, மறுநாள் படை அதிகாரி துப்பாக்கிகளைப் பார்வையிட வருவதாக இருந்தது. படையைக் கவனிக்கும் பொறுப்பு மிஸ் கூட்டத்துக்குப் போய்விட்டார். பதவிக்கு அடையாளமாகச் சட்டைக் கையில் இரண்டு பட்டை போட்டவள் என்பதால் வேலை என் பொறுப்பு. எங்கள் வீட்டில் பட்டு வேலையைப் பிரித்துத்தான் செய்வோம். ஒருவர் இழை சுற்றுவார், ஒருவர் பாவு போடுவார், ஒருவர் நெய்வார். இங்கும் அப்படியே செய்தேன். இரண்டு பேர் போல்ட்டுகளைக் கழற்றி ஒரே அலுமினியத் தட்டில் போட்டார்கள், நான்கு பேர் குழல் துடைத்தார்கள், மற்றவர்கள் எண்ணெய் போட்டுக் கோத்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

"பாப்பா, அதது அதோட வூட்டுக்குத்தான போவணும்?" என்று அக்கா தட்டைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாம் ஒரே அளவுதான்க்கா. நீங்க எண்ணுங்க, ஜல்தி."

அவர் எண்ணினார். பன்னிரண்டு இருந்தன. பூட்டினார்.

மறுநாள் அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து எண்களைப் பார்த்தார். பன்னிரண்டில் எட்டு பொருந்தவில்லை. பொறுப்பு மிஸ் பதறிப்போய், "எங்க பிள்ளைங்க ஒவ்வொண்ணாத்தான் சார் கழட்டி மாட்டுவாங்க, மாற வாய்ப்பே இல்ல" என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அப்படியானால் பூட்டிய பிறகு யாரோ திறந்து கை வைத்திருக்கிறார்கள் என்றார் அதிகாரி. சாவி யாரிடம் என்று கேட்டார். நான் வரிசையின் முதலில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன். படையின் முகாமுக்குப் போவோர் பட்டியலில் என் பெயர் இருந்தது. வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அக்காவுக்கு மெமோ வந்தது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தது. மதிய இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தார்.

"நீதான் நல்லா எழுதுவியே. பதில் எழுதிக் குடு."

"அக்கா, அன்னிக்கு..."

"இன்னா நடந்துச்சின்னு எனக்குத் தெரியும். பார்த்துகினுதான இருந்தேன். நான் போயி உன்ன மாட்டி வுட மாட்டேன். ஆனா நான் செஞ்சேன்னும் கையெழுத்து போட மாட்டேன். எழுது."

எழுதினேன். 'அன்று என் கவனக்குறைவால்' என்று தொடங்கியிருந்தேன். வாசிக்கச் சொன்னார்.

"நான் கவனக்குறைவாவா இருந்தேன்?"

"இல்லக்கா."

"அப்ப அடி."

'இனி இவ்வாறு நடக்காது' என்பதையும் அடிக்கச் சொன்னார். 'தாழ்மையுடன் மன்னிப்புக் கோருகிறேன்' என்பதைப் படித்தபோது, "எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் இரண்டு வரிகள் மிஞ்சின. 'சாவி என்னிடம் இருந்தது. பூட்டிய பிறகு மறுநாள் வரை அறை திறக்கப்படவில்லை.'

"மீதி?" என்றேன்.

"மீதிய அத செஞ்சவங்க எழுதட்டும். நீ கெளம்பு, மணி அடிக்கணும்."

அன்று மாலை வேறொரு தாளில் மீதியை எழுதி, என் பெயரைப் போட்டுத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தேன். என் பட்டைகள் இரண்டும் போயின. முகாமுக்குப் பிரேமா போனாள். அக்காவிடம் மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சாவி அவரிடமே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை எட்டுத் துப்பாக்கிகளையும் நான் தனியாகச் சரிசெய்ய வேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொன்றாகப் பாயில் வைத்து, எண்ணை வாசித்து, உரிய போல்ட்டைத் தேடி, தலையைத் திருகி, உள்ளே தள்ளி, மூடி, விசையை இழுத்துப் பார்த்தேன். அக்கா முக்காலியில் இருந்தார். அரைநாள் ஆயிற்று. அவர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. முடிந்ததும் எழுந்து உள்ளே வந்து எண்ணினார்.

"பன்னெண்டு. மூடலாமா?"

"மூடலாம்க்கா."

இந்த அஞ்சலியை எழுதும்போது, 'ஜமுனா அக்கா என்மேல் உயிரையே வைத்திருந்தார்' என்று முதலில் எழுதினேன். வைத்திருந்தாரா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மற்றவர்களிடம் பேசிய அளவுக்குத்தான் என்னிடமும் பேசினார். அடித்துவிட்டேன். 'அவரை நினைக்காத நாளில்லை' என்பதையும் அடித்தேன். இப்படி அடிப்பதுதான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது. இங்கே மிஞ்சியிருக்கும் வரிகளுக்குக் கீழே அவரால் கையெழுத்துப் போட முடியும் என்று நம்புகிறேன்.