இடது ஓரத்துச் சிவப்புப் பட்டை

வியாழக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு மெயின் ரோட்டு மருந்துக்கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். "அஜ்ஜி, பேகா பர்ரி" என்று, சீக்கிரம் வரச் சொல்லிக் கன்னடத்தில் தொடங்கியவர், உடனே தமிழுக்கு மாறினார். "உங்க கொழுந்தனாரை ஸ்கூட்டர் இடிச்சிருச்சு. பாதி ரோடு நல்லாத்தான் தாண்டினாரு. அப்புறம் என்ன ஆச்சோ, நேரா வண்டி மேலயே நடந்துட்டாரு." மாவு படிந்த கையோடு ஆட்டோ ஏறினேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் என் கொழுந்தனார் சவரிநாதனின் உயிர் பிரிந்திருந்தது.

அன்று மாலைக்குள் லிங்கராஜபுரம் முழுக்க ஒரு பேச்சு பரவிவிட்டது. "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு. அதான் வண்டி வர்றதுகூடத் தெரியாம நடந்திருக்காரு." சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே சொன்னார்கள். யார் யார் சொன்னார்கள், எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்கள், அப்போது யார் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. நான் மர்பி டவுனில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் மறப்பது எனக்கு வராது. சவரிநாதனின் புத்தி கடைசி நிமிடம்வரை தெளிவாக இருந்தது. அவரைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இதைப் படித்துவிட்டு அதற்குப் பிறகு பேசட்டும்.

அவர் என் கணவரின் தம்பி. ஒரே காம்பவுண்டில் நாங்கள் கீழே, அவரும் அவர் மனைவி லூர்துவும் மாடியில். சிவாஜிநகரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். அச்சகத்தை மூடியதும் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி மாடி அறையில் வைத்துக்கொண்டு கல்யாண அட்டை, பிள்ளைகளின் புதுநன்மை விழா அட்டை, இறந்தவர்களுக்கு நினைவு அட்டை என்று தாமே செய்து, தாமே அச்சடித்துக் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் எந்தத் தமிழ்க் குடும்பத்தில் யார் இறந்தாலும் முப்பதாம் நாள் பூசைக்கு அட்டை அவர் கையால்தான் வரும்.

நினைவு அட்டையில் படத்துக்குக் கீழே பெயர்கள் வரும். மகன்கள் ஒரு பத்தி, மகள்கள் மருமகன்கள் ஒரு பத்தி, பேரப்பிள்ளைகள் ஒரு பத்தி. அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் அடுத்த சாவு வரை அந்தக் குடும்பத்தில் பேச்சுவார்த்தை இருக்காது. அதனால் அச்சடிக்கும் முன் மாடியிலிருந்து குரல் வரும். "அண்ணி, காபியோட மேல வாங்க. தலைக்கணக்கு பாக்கணும்."

நான் அவர் பின்னால் நின்று சொல்வேன். "இவங்களுக்கு ஓசூர்ல ரெண்டாவது மருமகன் ஒருத்தன் இருக்கானே, அவன் எங்க? கோவிச்சுக்கிட்டுப் போனவன்தான். பேரு போடலேன்னா இன்னும் கோவிச்சுக்குவான்."

"உங்க தலைக்குள்ள இருக்கறத இதுல ஏத்தினா மெஷின் வெடிச்சிடும் அண்ணி" என்பார்.

மரியாதை தெரிந்தவர். ஆனாலும் என் மகள் கல்யாண அட்டையில் என் பெயரை மட்டும் பொடி எழுத்தில் போட்டவர் இவர்தான். கேட்டதற்கு "இடம் பத்தல அண்ணி" என்றார். சம்பந்தி பெயருக்கு மட்டும் இடம் பத்தியது. அதையும் நான் மறக்கவில்லை.

அவர் கம்ப்யூட்டரில் இருந்தது எல்லோரும் வைத்திருக்கும் சிஸ்டம் அல்ல. மெஷின் பழையது என்பதால் நண்பர் ஒருவர் இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். திரையின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்குமே, மணி காட்டும், திறந்து வைத்த வேலைகள் வரிசையாக நிற்கும், அதை அவர் பேனல் என்பார். மற்றவர்கள் வீட்டில் அது கீழே கிடக்கும், கிடந்தபடியே கிடக்கும். இவருடையதில் அதை மேலே ஏற்றலாம், பக்கவாட்டில் நிறுத்தலாம், இன்னொன்று சேர்க்கலாம், தடிமன் கூட்டலாம், நிறம் மாற்றலாம். கல்யாண வேலைக்கு மேலே ஒரு மஞ்சள் பட்டை, அதில் பூ, குத்துவிளக்கு, மோதிரப் படங்கள். சாவு வேலைக்குக் கீழே ஊதாப் பட்டை, அதில் சிலுவை, மெழுகுவர்த்தி. ஒன்றைத் தொடுகிற கை இன்னொன்றில் படக்கூடாது என்பார்.

ஒருமுறை பட்டை தானே ஒளிந்துகொள்ளும்படி வைத்திருந்தார். மேசையைத் துடைக்கப் போன லூர்து அலறிக்கொண்டு வெளியே வந்தாள். "ஐயோ, பட்டையக் காணோங்க! நான் ஒண்ணும் தொடல!"

"மவுஸ் அம்பை ஓரத்துக்குக் கொண்டுபோ, தானா வரும். உன் தம்பி மாதிரிதான். வாசனை வந்தா வந்து நிப்பான்."

லூர்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. என் சமையலறையில் உட்கார்ந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளும் போய்விட்டாள். என் கணவரும் போய்விட்டார். காம்பவுண்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

போன வருடம் ஒருநாள் அவருக்குக் கடுமையான தலைவலி வந்தது. மறுநாள் நான் இடது பக்கம் வைத்த காபியைத் தட்டிவிட்டார். அடுத்த நாளும் தட்டிவிட்டார். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டே இருந்தார். நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள். "கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. மூளையில பின்பக்கம் ரத்தம் அடைச்சதுல பார்வையோட இடது பாதி போயிடுச்சு. அது திரும்ப வராது. அறிவுக்கு ஒரு குறையும் இல்ல."

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பரிசோதனை செய்த பெண் ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தாள். புத்தகத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டிவிட்டு, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பி, அங்கிருந்து படிக்க வேண்டுமாம்.

ஆஸ்பத்திரிப் படியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆல்பர்ட்டுக்குச் சொல்லாதீங்க அண்ணி. கண்ணு போச்சுன்னா மெஷினைக் கட்டி வச்சுட்டு என்னை அவன் ஃபிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். பன்னெண்டாவது மாடியில உக்காந்து நான் யாருக்கு என்ன பண்றது? சத்தியம் பண்ணுங்க."

ஆல்பர்ட் அவருடைய ஒரே மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் சத்தியம் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அவர் வீட்டைப் பிரித்துக் கட்டுவதுபோலத் திரையை மாற்றியமைத்தார். பட்டைகள் எல்லாவற்றையும் வலது பக்கம் கொண்டுவந்து நிமிர்த்தி நிறுத்தினார். பிறகு இடது ஓரத்தில் புதிதாக ஒரு பேனல் போட்டார். மேலிருந்து கீழ்வரை, இரண்டு விரல் தடிமன், ரத்தச் சிவப்பு. அதில் மணி இல்லை, படம் இல்லை, எழுத்தில்லை.

"என்ன தம்பி, இதுல ஒண்ணுமே இல்லையே?"

"ஒண்ணும் இருக்கக் கூடாது. இது சுவரு அண்ணி. சிவப்பு தெரியற வரைக்கும் தலையைத் திருப்பணும். தெரிஞ்சா அங்கதான் வரி ஆரம்பிக்குது. தெரியலேன்னா நான் இன்னும் பாதிதான் பாத்திருக்கேன்னு அர்த்தம்."

எட்டு மாதம் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். ஒரு அட்டையிலும் பிழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அவருக்கு இடது பக்கம் நான் நடப்பேன். "இந்த வயசுல ஜோடி போட்டு நடக்குறாங்க பாரு" என்று சொன்ன வாய்களையும் எனக்குத் தெரியும்.

மகனிடம் சொல்லிவிடுங்கள் என்று நான் அவரை விடாமல் நச்சரித்தேன். ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க வேலையைப் பாருங்க அண்ணி" என்றார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒன்பது நாள் மாடி ஏறவில்லை.

அந்த ஒன்பது நாளில்தான் ஆல்பர்ட் வந்தான். நடந்ததை அவர் பிறகு என்னிடம் சொன்னார்.

"என்னப்பா இது, சிவப்பா ஒரு எம்ப்டி பேனல்? எல்லாம் ரைட் சைடுல கிடக்கு. யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"இருக்கட்டும்டா."

"எதுக்கு இருக்கணும்? சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார். மகன் சிவப்புப் பட்டையை நீக்கி, மற்றவற்றை முதலில் இருந்தபடியே ஆக்கி, நகராமல் பூட்டும் போட்டுவிட்டான். "இனிமே கை பட்டாலும் அசையாது. நீட்டா இருக்கு பாருங்க." சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் மரியதாஸ் வீட்டு அட்டை வேலை அவசரமாக வந்தது. அதை முடித்துவிட்டுப் பட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம். மரியதாஸ் இறந்து முப்பதாம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று மகன்கள், மகள் கிடையாது. அதனால் பெயர்கள் இரண்டே பத்தி. சவரிநாதன் வழக்கம்போல் ஒரு பழைய அட்டையைத் திறந்து பெயர்களை மாற்றினார். அந்தப் பழைய அட்டையில் பத்தி மூன்று. இடது கோடியில் இருந்த முதல் பத்தி, மகன்கள் பத்தி, அவர் பார்வைக்குள் வரவே இல்லை. தலையை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்லச் சிவப்பும் அங்கே இல்லை, பின்னால் நிற்க நானும் இல்லை. கண்ணில் பட்ட இரண்டையும் சரியாக மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிட்டார்.

மரியதாஸின் சொந்த மகன்களுக்கு முன்னால் வேறு வீட்டு மகன்கள் இரண்டு பேர் நின்றார்கள்.

மூத்தவன் ஜெயராஜ் காம்பவுண்டில் நின்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. "யாருய்யா இந்த தாமஸ்? யாரு இந்த ஞானப்பிரகாசம்? உங்கப்பாவுக்கு இன்னொரு வீடு இருந்துச்சாடான்னு எங்க அத்தை கேக்குறாங்க! எங்கம்மா அழுவுறாங்க!" அட்டைக் கட்டைப் படியில் வீசினான்.

சவரிநாதன் ஒன்றை எடுத்து, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பு என்னுதுதான். புதுசா செஞ்சு தரேன்."

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். புத்தி கெட்டுப் போச்சு உங்களுக்கு. வீட்ல உக்காருங்க."

அந்தப் பேச்சின் விதை அங்கே விழுந்தது. அன்று மாலை ஆல்பர்ட் போனில் அதற்குத் தண்ணீர் ஊற்றினான். "பெரியம்மா, அப்பாவுக்கு மறதி நோய் ஸ்டார்ட் ஆயிடுச்சு. அந்த பேனலைப் பாத்தப்பவே நெனச்சேன்." சத்தியம் என் வாயைக் கட்டியது. "உங்கப்பா புத்தி உன் புத்தியைவிட நல்லாத்தான்டா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். கிழவி கோபத்தில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மாடி ஏறினேன். அவர் பூட்டைத் திறந்து சிவப்புப் பட்டையைத் திரும்பவும் நிறுத்தியிருந்தார். என்னைக் குறை சொல்லவில்லை. "ஒம்பது நாளா காபி இல்ல அண்ணி" என்றார். அவ்வளவுதான். புத்தி கெட்டவருக்கு நாள்கணக்கு இருக்குமா?

இரண்டு பேரும் சேர்ந்து அட்டையை முதலிலிருந்து செய்தோம். வியாழக்கிழமை காலை அச்சடித்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். நானும் வருகிறேன் என்றேன்.

"வேணாம் அண்ணி. நீங்க வந்தா பிரியாணிக் கதையை ஆரம்பிப்பீங்க. மன்னிப்பு கேக்கப்போற இடத்துல சண்டை ஆகாது."

என் மகள் கல்யாணத்தில் பிரியாணிக்கு உப்பில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது அந்த மரியதாஸ் வீடு. பத்தொன்பது வருடமாக நான் அவர்களோடு பேசுவதில்லை. போயிருந்தால் கேட்டிருப்பேன், அது உண்மை. அதனால் நான் மாவாட்ட உட்கார்ந்தேன். அவர் தனியாகப் போனார்.

நம் சாலையில் முதல் பாதியைக் கடக்கும்போது வண்டிகள் வலப்பக்கத்திலிருந்து வரும். அது அவருக்குத் தெரிந்தது, பார்த்துக் கடந்தார். அடுத்த பாதியில் இடப்பக்கத்திலிருந்து வரும். நான் நடக்க வேண்டிய பக்கம் அது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்தத் துணிப்பையை என்னிடம் கொடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து ஓர் அட்டையை எடுத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். ஜெயராஜ், பீட்டர், அமல்ராஜ். அவர்கள் மனைவிமார். பேரப்பிள்ளைகள் ஏழு பேர். பிழை இல்லை. இன்னொரு தடவை படித்தேன். இல்லை.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது. சனிக்கிழமை காலை ஆல்பர்ட்டைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம் வாங்கியவரே இல்லாதபோது சத்தியம் எதற்கு?

"ஏன் பெரியம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ ஏன்டா அவரைக் கேக்கல?"

"கேட்டேனே. எதுக்கு இருக்கணும்னு கேட்டேனே."

"கேட்டே. பதில் வர்றதுக்குள்ள எடுத்துட்டே."

அவன் மேசையில் தலை வைத்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவவில்லை. என் மனது இன்னும் அதற்கு வரவில்லை. எனக்கே நான் தடவிக்கொடுக்காதபோது அவனுக்கு எப்படிக் கொடுப்பேன்?

அன்று மாலை ஜெயராஜ் வீட்டுக்குப் போய்ப் பையை அவன் கையில் கொடுத்தேன். எங்கே போகும்போது அடிபட்டார், எதனால் வண்டி தெரியவில்லை என்று சொன்னேன். பிரியாணிப் பேச்சை எடுக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மரியதாஸுக்கு முப்பதாம் நாள் பூசை. கோயில் வாசலில் ஜெயராஜ் நின்று அந்த அட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தான். புத்தி பேதலித்த கதை பேசியவர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். நான் அவன் முன்னால் போய் நின்றேன்.

"இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லு."

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி."

"அவங்களுக்குக் கேக்கட்டும். சத்தமா சொல்லு."

அவன் திரும்பி நின்று சொன்னான். "ஒரு தப்பும் இல்ல. சவரி அங்கிளுக்கு புத்தி நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் தெரியாம பேசிட்டேன்."

அவன் கையிலிருந்த கட்டில் பாதியை வாங்கிக்கொண்டு வாசலின் மறுபக்கம் நின்றேன். வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் மரியதாஸ் வீட்டு அட்டையை வைத்தேன். "சவரிநாதன் செஞ்சது. பேரெல்லாம் படிச்சுப் பாத்துட்டு உள்ளே போங்க" என்றேன். படிக்காமல் நகர்ந்தவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. கட்டு தீரும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை.

போய் வாருங்கள், தம்பி.