முன்கூட்டியே அடைத்த கடன்

சனிக்கிழமை சாயங்காலம் மாவாட்டுவது பவுல்ராஜின் வேலை. தொழில் நொடித்து, கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்த பிறகு, வீட்டில் அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொறுப்பு அதுதான். மனைவி அன்னாள் அரிசியையும் உளுந்தையும் களைந்து வைப்பாள். இவர் கிரைண்டருக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் தெளிப்பார். கிரைண்டர் தவணையில் வாங்கியது. பழையதும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அது பெரிய கதை. நாகல் நகரில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விட்டவர் பவுல்ராஜ். கடன் வாங்கி ஆயிரம் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிய மறு மாசம் கொரோனா ஊரடங்கு. நாலு பேர் கூடக் கூடாது என்று ஊரே கதவைச் சாத்திய நேரத்தில், ஆயிரம் பேர் உட்கார இடம் போட்டு வைத்திருந்த புத்திசாலி தான் ஒருத்தன்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தக் கடனில் அன்னாளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் நகைதான் முதலில் போனது.

நாற்காலிகளை, எரியோட்டில் இதே தொழில் செய்யும் மலைச்சாமி ஏலத்தில் எடுத்தார். முதுகில் எழுதியிருந்த 'பவுல்ராஜ் பந்தல்' என்ற பெயரை அழிக்க அவருக்குச் சோம்பல். இப்போது பவுல்ராஜ் சம்பளத்துக்கு இருப்பதும் மலைச்சாமியிடம்தான். கல்யாண வீடுகளில் ஊர் சனம் முழுக்கத் தன் பெயர்மேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடி, பந்தி முடியட்டும் என்று ஓரமாக நிற்பார்.

மறுபடி சொந்தமாகத் தொடங்க பேங்க் கடன் வேண்டும். அதற்கு சிபில் ஸ்கோர் ஏற வேண்டும். சின்னதாக ஒரு கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிக் காட்டுங்கள் என்றாள், பைனான்ஸ் ஆபீசில் இருக்கும் ஜீவிதா. பாதிப் பணத்தை முன்னால் கட்டி ஒரு மிக்ஸி வாங்கினார். கெடுவுக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் கௌரவம் என்று வளர்ந்த மனுஷன். இரண்டாம் மாசமே மிச்சம் மொத்தத்தையும் கட்ட, கையில் கால் கிலோ ஜிலேபியோடு போய் நின்றார்.

ஜீவிதா ஜிலேபியை வாங்கி வைத்துக்கொண்டாள். "மாசாமாசம் கட்டுனாத்தான் சார் உங்க பழக்கம் என்னன்னு தெரியும். நீங்க இலை போடுறதுக்குள்ள கை கழுவிட்டீங்களே."

அப்படித்தான் கிரைண்டர் வந்தது. இந்த முறை அவர் கைக்கு எட்டாதபடி, தவணை பேங்க் கணக்கிலிருந்தே தானாகப் போக ஜீவிதா ஏற்பாடு செய்துவிட்டாள். ஒன்றரை வருஷம் அவசரப்படாமல் கடன்காரனாக இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கடன் கிடைக்கணும்னு கடன் வாங்குற ஆளை இங்கதான் பாக்குறேன் என்று பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவியிடம் அன்னாள் சொன்னதும் அவர் காதுபடத்தான்.

நேற்று பேங்கில், ஸ்கோர் போதும், கடன் தரலாம், மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும் என்றார்கள். முதல் இரண்டு சேதியின் சந்தோஷத்தில் மூன்றாவதுக்கும் தலையாட்டிவிட்டார். பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகுதான் உறைத்தது.

கிரைண்டர் சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிவிட்டால் பாதிதான் அவள் காதில் விழும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார். அன்னாள் சட்டியோடு வந்ததும் ஆரம்பித்தார்.

"நாற்காலிகளை நமக்கே தர்றேங்குறாரு மலைச்சாமி. பேங்க்லயும் சரின்னுட்டாங்க. நீ மட்டும் ஒரு..."

அன்னாள் சுவிட்சை அணைத்தாள்.

"...கையெழுத்துப் போட்டா போதும்."

அது வீடு முழுக்கக் கேட்டது. அவள் குனிந்து மாவை வழித்துச் சட்டியில் போட்டாள். காதில் கவரிங் தோடு ஆடியது. விரலில் ஒட்டியிருந்ததை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இம்புட்டு நேரம் உக்காந்து ஆட்டுனீங்களே, உப்பு போட்டீங்களா?"

பவுல்ராஜ் உப்பு ஜாடியைப் பார்த்தார். போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. அன்னாள் ஜாடியைத் தானே எடுத்துக்கொண்டாள். பிறகு சட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.