பின்சுவரோடு ஓர் அறை

அன்புவழிபுரத்தில் என் சீதன வீடு எழும்புவதற்கு முன்பே அது என் கைபேசிக்குள் எழும்பிவிட்டது. கட்டியவர் அண்ணா. கட்டார் நாட்டில் கிழமை முழுக்க மற்றவர்களுடைய கட்டடங்களில் நிற்கிறவர், வெள்ளிக்கிழமை விடுமுறையிலும் சதுரக் கட்டிகளை அடுக்கி வீடு கட்டும் அந்த விளையாட்டில்தான் கிடப்பார். என்னையும் அதற்குள் இழுத்துவிட்டார். விறாந்தை எவ்வளவு அகலம், குசினி யன்னல் எந்தப் பக்கம் என்று தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டே கட்டுவோம். நான் ஒரு கட்டி அளவுக்கும் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.

ஒரு கட்டிக்கு ஒரு மீற்றர் என்று வைத்துக்கொண்டோம். அந்தப் படத்தைத்தான் அம்மா வீடு கட்ட வந்த மேசன் பாஸிடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"வீடு வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா விறாந்தைக் கூரை தூணில்லாம அந்தரத்தில நிக்குது. எனக்கு இந்த வித்தை தெரியாது."

அண்ணாவிடம் சொல்லிச் சிரித்தேன். அடுத்த வெள்ளி நான்கு தூண்கள் நின்றன.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை தங்கச்சிக்கு வீட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டு, தான் கலியாணம் முடிக்கிறவளின் வீட்டுக்குப் போவான். அண்ணாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. என் காரியம் முதலில் முடியட்டும் என்று அவர் கலியாணப் பேச்சை எல்லோரும் தள்ளிக்கொண்டே வந்தோம். நானும்தான்.

விளையாட்டில் கூரையும் போட்டு முடிந்த வாரம், பின்சுவரோடு ஒட்டி ஒரு சின்ன அறை முளைத்திருந்ததைக் கண்டேன். உள்ளே ஒரு கட்டில், ஒரு விளக்கு. துறைமுகப் பக்கம் என்று நாங்கள் வைத்துக்கொண்ட திசையில் ஒரு யன்னல். உண்மையில் வீடு எழும்பிக்கொண்டிருந்த எங்கள் வளவிலும் சீமெந்து அடுக்கவும் காவலுக்குப் படுக்கவும் ஒரு தகர வாடி போட்டிருந்தோம். அண்ணா அதையும் விடாமல் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். வீடு முடிந்தால் வாடியைப் பிரிப்பதுதானே வழக்கம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. சுவரை உடைத்தேன், கட்டிலையும் உடைத்தேன், அந்த இடத்தில் பூக்கன்று நட்டேன்.

அடுத்த வெள்ளி விளையாட்டுக்குள் வந்த அண்ணா கூரையில் ஏறித் தவறி விழுந்தார். அந்த விளையாட்டில் சாவு பெரிய காரியமில்லை. கடைசியாகப் படுத்த கட்டிலிலேயே திரும்ப எழும்பலாம். கட்டில் இல்லாதவர் மட்டும் முதன்முதல் இறங்கின இடத்துக்குப் போய்விடுவார். அண்ணா வீட்டுக்கு வெகு தூரத்தில், வெறும் மணலில் எழும்பினார்.

"என்ர கட்டில் எங்க தங்கச்சி?"

"வாடியில கிடந்ததோ? வீடு முடிஞ்சுதுதானே, பிரிச்சிட்டன்."

மணலில் நின்றவர் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"ஓம், வாடிதான்," என்றார். "பிரிக்கத்தான் வேணும்."

அது வாடியில்லை, அவர் தனக்கென்று கட்டின அறை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் மேசன் பாஸிடம் போய், பின்னால் இன்னோர் அறை சேர்க்க ஏலுமோ என்று கேட்டேன்.

"பின்னுக்கு இருக்கிற கிணத்தைத் தூக்கி எங்க வைக்கிறது பிள்ளை? சரி, ஆருக்கு அறை?"

"ஒருத்தருக்கும் இல்ல," என்றார் பக்கத்தில் நின்ற அம்மா, நான் வாய் திறக்க முதல். "அவள் சும்மா கேக்கிறாள். பெடியன் நாளைக்குக் கலியாணம் கட்டிப் போறவன்தானே."

எல்லாவற்றுக்கும் வாய்காட்டுகிற நான் இன்னொருமுறை கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

என் கலியாணத்துக்குப் பத்து நாள் விடுமுறையில் வந்த அண்ணா புது வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுத்தார். பயணப்பையை அலுமாரிக்குள் வைக்கச் சொன்னேன். கதிரைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார்.

அவர் திரும்பிப் போனபின், விளையாட்டில் பூக்கன்றுகளைப் பிடுங்கிவிட்டு அந்த அறையை அதே அளவில் கட்டினேன். விளக்கு வைத்தேன், யன்னல் வைத்தேன், கட்டிலும் போட்டேன். ஆனால் நான் போட்டால் போதாது. அவரே வந்து அதில் ஒருமுறை படுத்தெழும்பினால்தான் அது அவருடைய இடமாகும். வெள்ளிக்கிழமைகளில் உள்ளே போய்ப் பார்க்கிறேன். அண்ணா வருவதில்லை. கேட்டால் இதைத்தான் சொல்கிறார்:

"இப்ப வேலை கூடிப்போச்சு தங்கச்சி. வீடுதான் கட்டி முடிஞ்சுதே."