கிளிப்பச்சையில் ஒரு கால்பந்து ஆட்டம்

என் சித்தி கால்பந்து ஆடுவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறாள் என்று சொன்னபோது எங்கள் வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. ஐந்தாம் வகுப்பு டீச்சரே, "ஆடுறதுக்கா சம்பளம்? வீட்டுல நல்லா கேட்டுகினு வந்து சொல்லு" என்றார். நான் நன்றாகக் கேட்டுக்கொண்டு வந்துதான் சொல்லியிருந்தேன். சென்னையில் ஒரு கிளப். அதில் சித்தி தடுப்பாட்டக்காரி. சம்பளம் உண்டு, தங்க இடம் உண்டு, காலையில் இரண்டு முட்டை உண்டு. முட்டையைச் சொன்ன பிறகு சிலர் நம்பத் தொடங்கினார்கள்.

அந்த டீமே ஆரணிக்கு ஆட வருகிறது என்று தெரிந்ததும் நான் பள்ளிக்கூடத்தில் நடந்த நடையே வேறு. அந்த வருடம் கிளப்புக்கென்று இருந்த மைதானம் கையை விட்டுப் போயிருந்ததையும், மிச்சமிருந்த ஆட்டங்களை இடம் கிடைத்த ஊரில் அவர்கள் ஆடிக்கொண்டிருந்ததையும், கடைசி ஆட்டத்துக்குச் சித்திதான் அலைந்து எங்கள் கோட்டை மைதானத்தைக் கேட்டு வாங்கினாள் என்பதையும் பிற்பாடுதான் அறிந்தேன். பெரிய டீம்கள் ஊர் ஊராகப் போகும், இப்போது எங்கள் ஊரின் முறை வந்திருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

சனிக்கிழமை காலை சித்தியையும் சேர்த்துப் பதினைந்து அக்காக்கள் அரசு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கூடவே மெலிந்த உடம்பும் ஓயாத போனுமாக ஒரு கோச் ஸார். லாட்ஜ் எதுவும் போடவில்லை. எல்லோரும் எங்கள் வீட்டில்தான். இரண்டு அறையும், அம்மாவின் தையல் மெஷின் நிற்கிற கூடமும் கால்களால் நிரம்பின. அவ்வளவு கால்களை, அவ்வளவு தழும்புகளோடு, நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா அண்டா நிறைய உப்புமா கிண்டினாள். கோல்கீப்பர் அக்கா மணிப்பூர்க்காரி. மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு அம்மாவின் கன்னத்தைக் கிள்ளினாள். அம்மாவின் கன்னத்தை யாரும் கிள்ளி நான் பார்த்ததில்லை. அம்மா வெட்கப்பட்டாள்.

பதினொரு மணி வாக்கில் கோச் ஸாருக்கு ஒரு போன் வந்தது. பேசிவிட்டு வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர் டீமும் சிவப்புச் சட்டையில்தான் வருகிறார்களாம். எங்களுடையதும் சிவப்பு. அந்தப் போட்டியின் விதிப்படி உள்ளூர் டீம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் ஆடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள்.

"ரெண்டாவது செட்டு இன்னும் வரலியா ஸார்?" என்று சித்தி கேட்டாள்.

"அது வராதும்மா. கிளப்புல இனிமே எதுவும் வாங்க மாட்டாங்க" என்றார் அவர்.

சித்தியின் முகம் அப்படிச் சுருங்கி நான் கண்டதில்லை. "கடைசி ஆட்டம் ஸார். எறங்காமலே தோக்கறதா?" என்றாள். சித்தியும் அம்மாவும் பஜார் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார்கள். எந்தக் கடையிலும் ஒரே நிறத்தில் ஏழு டி-ஷர்ட்டுக்கு மேல் இல்லை. அதிலும் நான்கு எனக்குத்தான் சரியாக இருக்கும்.

அப்போது நான் சொன்னேன்: "மாமா கிட்ட குடுத்தா கருப்புச் சாயம் போட்டுத் தருவாரு இல்ல?"

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி சுவரைப் பார்த்தாள்.

மாமா அடுத்த வீடு. அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். மூன்று வருடமாக அவருக்கும் சித்திக்கும் பேச்சு கிடையாது. சித்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று மாமா ஸ்வீட்டும் காரமும் வாங்கி அடுக்கி வைத்திருந்த நாளில், அவள் கேரளாவில் ஏதோ ஓர் ஊரில் ஆடிக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்கு மாமாவே காபி கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவர் சித்தியின் ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. போனில் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நான் ஓடிப்போய் அழைத்தேன். எதற்கு என்று சொல்லாமல் அழைத்ததால் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் சிவப்புச் சட்டை ஒன்றை வாங்கி, ஓரத்தில் ஓர் இழையை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டினார். இழை சுருண்டு மணியாக உருகியது.

"பட்டா இருந்தா முடி கருகுற நாத்தம் வரும். இது பாலியஸ்டர். நம்ம சாயம் இதுல ஏறாது. உங்க சித்தி கிட்ட சொல்லு" என்றார்.

சித்தி ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள். நான் திரும்பி, "சித்தி, ஏறாதாம்" என்றேன்.

"வேற எதனா வழி கீதான்னு உங்க மாமாவ கேளு."

"மாமா, வேற எதனா வழி..."

"எனக்குக் காது கீது" என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார்.

அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தோம். கால்மணி கழித்து அவர் ஒரு பெரிய மூட்டையோடு திரும்பி வந்தார். அதைக் கூடத்தின் நடுவில் போட்டு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஐந்து பட்டுப் புடவைகள். எல்லாம் ஒரே கிளிப்பச்சை. பார்த்ததும் மணிப்பூர் அக்கா தன் மொழியில் என்னவோ சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரிட்டன் வந்தது. தண்ணி பட்டா சாயம் வுடுதுன்னு கடைக்காரன் அனுப்பிட்டான். கிழிச்சித் தெச்சிக்கச் சொல்லு" என்றார் மாமா, என்னைப் பார்த்து.

"பட்டுப் பொடவையைக் கிழிக்கிறதாண்ணா?" என்று அம்மா பதறினாள்.

"பரண்ல கெடந்து இன்னா பண்ணப் போகுது? ஜல்தி ஆவட்டும்."

சாயம் விடுமே என்று கோச் ஸார் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். பின்னாலேயே எல்லோரும் போய்ப் பார்த்தோம். ஒரு பொட்டு மேகம் இல்லை. நல்ல வெயில். மழை வராது என்று எல்லோரும் ஒரே குரலில் தீர்மானித்தோம். வேறு தண்ணீரைப் பற்றி ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

அன்று மத்தியானம் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. முதல் புடவையில் கத்திரியை வைக்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவதில் மூடவில்லை. ஐந்தாவதை வெட்டும்போது பாட்டு முனகிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மெஷினும் பக்கத்துத் தெரு மெஷினும் வந்து சேர்ந்தன. பதினான்கு பேருக்கும் ஒரே அளவுதான். அம்மாவுக்குக் கை என்றால் ஜாக்கெட் கைதான் தெரியும் என்பதால் எல்லாச் சட்டைக்கும் தோளில் லேசான கொசுவம் வந்துவிட்டது. முந்தியின் ஜரிகைத் துண்டில் எண்கள் வெட்டுகிற வேலை எனக்கு. நான் வெட்டிக் கொடுத்த ஆறை யாரோ தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டதால், டீமில் இரண்டு ஒன்பது ஆகிவிட்டது. கடைசி நேரத்தில் ஒன்றைப் பிரித்துச் சித்தியின் முதுகில் ஊக்கு குத்திச் சரிசெய்தோம்.

கோல்கீப்பர் மட்டும் வேறு நிறம் போட வேண்டும் என்பதால் மணிப்பூர் அக்காவுக்குப் பட்டு கிடையாது. அவள் தன் பழைய மஞ்சள் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, ரொம்ப பேஜார்" என்றாள் அம்மாவிடம். அந்த வார்த்தையைக் காலையில் நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். அம்மா மிஞ்சிய துண்டில் அவளுக்குத் தலைக்கு ஒரு பட்டி தைத்துக் கட்டிவிட்டாள். உடனே மணிப்பூர் அக்கா எழுந்து ஆடத் தொடங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோட்டை மைதானத்துக்கு எங்கள் தெரு மொத்தமும் வந்திருந்தது. அப்பாகூடச் செய்யாறு கம்பெனி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மாமா வரமாட்டார் என்றுதான் அம்மா சொன்னாள். ஆனால் அவர் எங்களுக்கு முன்பே வந்து, எல்லைக்கோட்டு ஓரமாக, வேறு எதற்கோ வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். "சாயம் எப்படி நிக்குதுன்னு பாக்கத்தான் வந்தேன்" என்று கேட்காமலே சொன்னார்.

நடுவர் வந்து ஒரு சட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "என்ன துணி இது?" என்றார்.

"பட்டு ஸார்" என்றார் கோச்.

"பட்டா?"

"ஆரணிப் பட்டு ஸார்."

நடுவர் சற்று நேரம் யோசித்தார். பட்டு கூடாது என்று விதியில் எங்கும் இல்லை போலும். விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

எங்கள் டீம் வெயிலில் ஓடியபோது பதினொன்றில் பத்துப் பேர் பளபளவென்று மின்னினார்கள். ஜரிகை எண்கள் கண்ணைக் கூசவைத்தன. கூட்டம் விசிலடித்தது. முதல் பத்து நிமிஷம் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அதன் பிறகு அவர்களுக்கு வேர்க்க ஆரம்பித்தது.

முதலில் கழுத்து பச்சையாயிற்று. பிறகு முழங்கை. பிறகு முகத்தைத் துடைத்தவர்களுக்கு முகம். எதிர் டீமின் சிவப்புச் சட்டைகளில் பச்சைக் கைத்தடங்கள் விழுந்தன. தலையால் முட்டிய பந்து பச்சையாயிற்று. சண்டையை விலக்கப் போன நடுவரின் கையும் பச்சையாயிற்று. அவர் அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டது இன்னும் மோசமாயிற்று. மைதானமே சிரித்தது. எதிர் டீம் பெண்களும் ஒருவரையொருவர் காட்டிச் சிரித்தார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர், "இன்னாபா, இது உன் சாயமா?" என்று உரக்கக் கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

இடைவேளைக்கு முன் எதிர் டீம் ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பின் விழுப்புரத்து அக்கா ஒருத்தி ஒரு கோலைத் திருப்பிப் போட்டாள். போட்ட வேகத்தில் அவள் சட்டைக் கை தோளோடு கிழிந்து தொங்கியது. அதைப் பிய்த்து வீசிவிட்டு ஓடினாள். அந்தக் கையை எடுக்கக் கூட்டத்தில் ஒரு தள்ளுமுள்ளே நடந்தது.

முடிய இரண்டு நிமிஷம் இருக்கும். எதிர் டீமில் நெட்டையான ஒரு பெண் பந்தோடு தனியாக வந்தாள். மணிப்பூர் அக்கா முன்னால் வந்து வழுக்கி விழுந்துவிட்டாள். கோல் காலி. சித்தி ஓடி வந்து நடுவில் நின்றாள். அவள் கண் பந்து வைத்திருந்தவள்மேல் இருந்தது. இன்னொருத்தி முதுகுப் பக்கமாக நழுவி வருவதை அவள் பார்க்கவில்லை.

"ஏய்! பின்னால பாருடி! பின்னால!"

அது மாமாவின் குரல். எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளேயே போயிருந்தார். சித்தி திரும்பினாள். பந்து அந்த இன்னொருத்தியின் காலுக்கு வருவதற்குள் சித்தி விழுந்து நீட்டிய கால் அதில் பட்டது. பந்து கம்பத்துக்கு வெளியே உருண்டு போயிற்று. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பேசிட்டாரு, பேசிட்டாரு" என்றாள். சித்தி கோலைத் தடுத்துவிட்டாள், அம்மா எதை எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒன்றுக்கு ஒன்று. அந்த வருடம் சித்தியின் டீம் தோற்காமல் முடித்த ஒரே ஆட்டம் அதுதான். விசில் ஊதியதும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள், எதிர் டீமையும் இழுத்துக் குதித்தார்கள். எல்லோரும் பச்சை. பிறகு மைதானத்தின் நடுவட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நெடுநேரம் எழுந்திருக்கவே இல்லை. கோச் ஸார் போனை அணைத்துவிட்டு அவர்களோடு போய் உட்கார்ந்தார். ஜெயிக்காததற்கே இப்படியென்றால் ஜெயித்தால் என்ன செய்வார்களோ என்று எனக்கு வியப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பம்ப் தண்ணீரில் வரிசையாகக் குளித்தார்கள். தெருச் சாக்கடை பச்சையாக ஓடியது. மாமா வாசலில் ஒரு பாக்கெட் உப்போடு நின்று, "உப்பு போட்டுத் தேய், போய்டும்" என்றார், நேராகச் சித்தியைப் பார்த்து. அவள், "போவலைன்னாலும் பரவால்லண்ணா" என்றாள்.

மறுநாள் காலை எல்லோரையும் வழியனுப்ப ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் ஆளுக்கொரு பஸ்ஸைத் தேடிப் போனார்கள். வடக்கத்தி அக்காக்கள் ரயிலைப் பிடிக்க வேலூர் பஸ்ஸில். கோல் போட்டவள் விழுப்புரம் பஸ்ஸில். ஒருத்தி தேவிகாபுரம் போகிற டவுன் பஸ்ஸில். இடம் பற்றாது, அதனால்தான் பிரிந்து ஏறுகிறார்கள் என்று நினைத்தேன். பஸ் பஸ்ஸாக ஓடி, ஜன்னலைத் தட்டி, "அடுத்த மேட்ச் எங்கக்கா?" என்று கேட்டேன். மணிப்பூர் அக்கா கையை நீட்டி என் தலையைக் கலைத்துவிட்டாள். தேவிகாபுரத்து அக்கா, "எங்க ஊர்லதான்" என்றாள். செய்யாறு பஸ்ஸில் இருந்தவள், "கம்பெனியோட. நாளைக்கே ஆரம்பம், காலை ஷிஃப்ட்" என்று சிரித்தாள். அது பலமான டீமாக இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரே டீம் இத்தனை ஊரில் எப்படி ஆடும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கேட்கலாம் என்று திரும்பினேன். எல்லா பஸ்ஸும் போன பிறகும் சித்தி பையைத் தோளில் மாட்டியபடி அங்கேயே நின்றிருந்தாள். அவள் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. லீவு கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று சந்தோஷத்தில் நான் கத்தினேன்.