பளபளத்த ஸ்டீயரிங் ராடு

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்யும் நான், ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிப் பழுது பார்த்து வருகிறேன். அதற்கு ஸ்டீயரிங் ராடு எங்குமே கிடைக்கவில்லை. வந்தவாசியில் பழைய சாமான் விற்பவர் பெயிண்ட் அடித்த ஒரு ராடைக் காட்டி, "ஒரிஜினலுங்க, ஜல்தி எடுத்துகினு போங்க" என்றார். அவர் அவசரப்படுத்தியதே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் பளபளப்பில் மயங்கி வாங்கி வந்துவிட்டேன்.

"பொடவன்னா நூல உருவி கொளுத்திப் பாத்து வாங்குவ. இத மட்டும் பெயிண்ட்ட பாத்து வாங்கினு வந்துட்டியா?" என்று மனைவி கத்தியால் சுரண்டினாள். உள்ளே பட்டி பூசி மறைத்த விரிசல்! மாட்டி ஓட்டியிருந்தால், முதல் திருப்பத்திலேயே கார் என்னைக் கேட்காமல் ஏரிக்குப் போயிருக்கும்.

இப்போதெல்லாம் கத்தியோடுதான் சாமான் வாங்கப் போகிறேன். "சொரண்டாதீங்க, பெயிண்ட்டு பூடும்" என்று கடைக்காரர் பதறினால், அவர் டீ சொன்னாலும் உட்காராமல் நடையைக் கட்டுகிறேன்.