பர்சோன் ஊற்றிய தண்ணீர்

என் மகள் எனக்கு நுழைவுத் தேர்வு வைத்தாள். கேள்வித்தாள் ஒரு சாண் உயரம். தட்டையான மண் தொட்டியில், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி வந்தது. ஜூனிப்பர் போன்சாய்.

போன ஜனவரியில் புனேயிலிருந்து வந்திருந்தபோது போலாரம் பக்கம் ஒரு நர்சரியில் அதை வாங்கிவந்தாள். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. நான்தான் ஓய்வு பெற்றுவிட்டேனே. அவள் அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. குஷாய்குடா ஃப்ளாட்டில் டிவிக்குத் துணையாக உட்கார்ந்திருப்பதற்குப் பதில் புனேவுக்கே வந்துவிடுகிறேன் என்றேன். பெரிய தியாகம் செய்கிற குரலில்தான் சொன்னேன். அவள் தொட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஃபர்ஸ்ட் இதைப் பாத்துக்கோம்மா. அப்புறம் பாக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் நான் கூர்ந்து கேட்க வேண்டும். அவள் வளர்ந்தது என் மடியில் அல்ல, நான் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் குழந்தைகள் காப்பகத்தில். நான் சோதனைப் பிரிவு. ஒரு சின்னக் கருவிகூட என் கையெழுத்து இல்லாமல் வாசலைத் தாண்டாது. என் மகள் மட்டும் ஆயாக்களின் கையெழுத்தில் தேறிவந்தாள்.

அவள் ரயிலேறியதும் என் அறிவைப் பயன்படுத்தினேன். இவ்வளவு சின்ன மரம் என்றால் வீட்டுக்குள் வைப்பதற்குத்தானே? ஷோகேஸில், அலுவலக இந்திக் கட்டுரைப் போட்டிகளில் நான் வென்ற மூன்று ஃபிளாஸ்குகளுக்கும் ஒரு ஹாட்பேக்குக்கும் நடுவில் குடிவைத்தேன். இஸ்திரி போடும்போது துணிக்கு அடிக்கிற ஸ்பிரே பாட்டிலால் தினமும் இலைகளுக்குப் பன்னீர் தெளிப்பதுபோல் தெளித்தேன். இலை குளித்தது, வேர் காய்ந்தது. பத்தாம் நாள் வீடியோ காலில் மகள் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அது அவுட்டோர் ட்ரீ. ஷோகேஸ்ல எந்துக்கு?"

தமிழில் கேட்டால் தெலுங்கில் முடிப்பாள், இந்தியில் தொடங்கினால் ஆங்கிலத்தில் நிறுத்துவாள். தெலுங்கும் இந்தியும் கலந்து புழங்கும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுத்த சொத்து அது. எப்படியோ, மரம் பால்கனிக்குப் போனது. காலை வெயில் மட்டும், மதியம் நிழல். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல்மண் காயத் தொடங்கினால் தொட்டியின் அடி ஓட்டையில் வடியும்வரை தண்ணீர். இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. சும்மா இருக்கத்தான் எனக்கு அதிகப் பயிற்சி தேவைப்பட்டது.

மார்ச்சில் கிளை நுனிகளில் இளம்பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று நான் அந்தச் செடியோடு பேசினேன். முப்பத்தொரு வருடச் சர்வீஸில் எந்தக் கருவிக்கும் கொடுக்காத மரியாதை அது. எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. நான் தேறிவிடுவேன் என்று நினைக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

ஏப்ரலில் திருச்சியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். முன்னும் பின்னுமாக மூன்று வாரம். செடியை எதிர் ஃப்ளாட் அம்மாவிடம் ஒப்படைத்தேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், இங்கே வழங்கும் தக்கனி இந்தி பேசுபவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவருக்கு என் பரிசு பெற்ற இந்தியில் ஒரு பிரசங்கமே செய்தேன். அவருக்கு நன்றாக உறைக்கட்டும் என்று கடைசியில் மட்டும் அவர் பாஷைக்கு இறங்கி, தண்ணீர் "ஜ்யாதா நக்கோ" என்று மூன்று முறை சொன்னேன். அதிகம் வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம்.

"ஹவ், ஹவ்" என்று தலையாட்டினார்.

கல்யாண மண்டபத்திலிருந்து முதல் வாரம் ஒரு போன். தண்ணீர் ஊற்றினீர்களா?

"ஹவ், பர்சோனிச் டாலி நா. கைக்கு டென்ஷன் லேரே?"

பர்சோன் ஊற்றினாராம், எதற்குப் பதற்றம் என்கிறார். நான் படித்த இந்தியில் பர்சோன் என்றால் முந்தாநாள். திருப்தியாக வைத்துவிட்டுப் பந்திக்குப் போனேன். அடுத்த வாரம் கேட்டேன், பர்சோன். அதற்கடுத்த வாரமும் பர்சோன். என்ன ஒழுங்கு, என்ன நேரந்தவறாமை என்று தங்கையிடம் அவரைப் புகழ்ந்துகூடப் பேசினேன்.

மே முதல் வாரம் திரும்பினேன். செடி பச்சைப் பசேலென்று நின்றது. படமெடுத்து அனுப்பினேன். மகளிடமிருந்து ஓர் இதயம் வந்தது. அவளிடமிருந்து எனக்கு இதயமெல்லாம் சுலபமாக வருவதில்லை, அதனால் அந்தத் திரையை இரண்டு மூன்று தரம் திறந்து பார்த்தேன். அதன்பின் ஒரு மாதம் விரல் வைத்து, தண்ணீர் விட்டு, வாராவாரம் படம் அனுப்பிப் பராமரித்தேன்.

ஜூனில் இலைகளைத் தடவியபோது நொறுங்கிய மாதிரி இருந்தது. நிறம் மட்டும் பச்சைதான், கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சை. இணையத்தில் தேடினேன். ஜூனிப்பர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்குமாம். சந்தேகமிருந்தால் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. சுரண்டினேன். அடியிலிருந்து நுனிவரை பழுப்பு. ஒரு மாதமாக நான் பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, மொத்தம் எத்தனை தடவை ஊற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்தார்.

"ஏக் பார். ஆப் கயே நா, உஸ்கே தூஸ்ரே தின். ஆப்பீச் போலே, ஜ்யாதா நக்கோ."

ஒரே தடவை, நான் கிளம்பிய மறுநாள். நான் சொன்னபடியே செய்திருக்கிறார். இந்த ஊரில் பர்சோன் என்றால் முந்தாநாள் இல்லை, கடந்துபோன ஏதோ ஒரு நாள். நேற்றல்ல, அவ்வளவுதான். போன வாரமும் பர்சோன், போன வருடமும் பர்சோன். இத்தனை வருடம் இங்கே இருந்தும் இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். தப்பு இந்தி என்று ஒதுக்கிவைத்திருந்தேன். ஃபிளாஸ்க் வாங்கியவள் அல்லவா நான்.

மறுநாள் ஆட்டோ பிடித்து அதே நர்சரிக்குப் போனேன். வரிசையாக நின்றன, அதே வயசு, அதே தொட்டி. ஒன்று அச்சு அசலாக அதே மாதிரி கழுத்தைச் சாய்த்திருந்தது. கையில் எடுத்தும்விட்டேன். பழுதான கருவிக்குப் பதில் அதே எண்ணை ஒட்டி வேறொன்றை வைத்தவர்களை நான் சர்வீஸில் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். ஒருவருக்கும் இரக்கம் காட்டியதில்லை.

அப்போது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி ஆண்டு விழா. அதில் அவள் முயல். நான் போகவில்லை. அன்று மாலை முயல் காதைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டாள்.

"நீ பர்சோன் சொன்னியே, வரேன்னு."

"பர்சோன்னா முந்தாநாள். முந்தாநாள் நான் ஒண்ணும் சொல்லலை. ஒழுங்கா இந்தி பேசு."

வாதத்தில் நான் ஜெயித்தேன். அவள் அதன்பிறகு என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. செடியை வரிசையில் திரும்ப வைத்தேன்.

நர்சரி வாசலில் நின்றே போன் செய்தேன்.

"செடி செத்துப்போச்சு."

"நேத்து போட்டோல கிரீனா இருந்துச்சே. எப்போ?"

"பர்சோன்."

மெதுவாகக் கேட்டாள்.

"உன் பர்சோனா, என் பர்சோனா?"

"உன்னதுதான்" என்றேன். "ஆண்டு விழாவுக்கு வரேன்னும் பர்சோன் சொன்னேன். வரலை. அதுவும் உன் பர்சோன்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எட்டு மாத வயிற்றோடு அவளை அழவைத்துவிட்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். நானும்தான் அழுதேன், பூந்தொட்டி வாங்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்க.

"டிக்கெட் போடறேன், வா" என்றாள். "ஆனா குழந்தைகிட்ட உன் ஆபீஸ் இந்தி மட்டும் நக்கோ."

"ஹவ்" என்றேன்.